புதன்கிழமை அட்டமி

கார்த்திகை மாதத்தில் கண்டி மஹய்யாவையில் துணி காயாது. அடுப்புக்கு மேலே கட்டிய கொடியில் பாவாடை, சட்டை, அப்பாவின் காக்கிக் காற்சட்டை என்று எங்கள் குடும்பமே தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும். விறகுப் புகையும் ஈரமும் கலந்த அந்த "முடை வாடை"யோடுதான் நான் பள்ளிக்கூடம் போவேன், வகுப்பில் பாதிப் பேரிடம் அதே வாடை அடிப்பதால் யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. மழையும் வாடையும் குளிரும்தான் எங்களுக்குத் தெரிந்த கார்த்திகை. அந்த மாதத்தில் காற்று ஒரு பட்டணத்தையே அடித்துப் போடும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால், பதினொரு வயது வாயாடியான நான் சிரித்திருப்பேன்.

அப்பா மாநகர சபையில் தண்ணீர்க் குழாய் பொருத்துகிறவர். நல்ல நேரம் பார்க்காமல் ஒரு குழி வெட்டமாட்டார். அவருடைய ஓவர்சியர் மாத்தயா சிங்களவர், அவரும் இதில் இளைத்தவர் இல்லை. "ராகு காலய" என்று யாராவது முணுமுணுத்தால் போதும், இரண்டு பேரும் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்கள். எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு புடவைக்கடையின் தினசரிக் கலண்டர் தொங்கும். தினமும் காலையில் முகம் கழுவியதும் முந்தைய நாள் தாளைக் கிழித்து, அன்றைய திதி, நட்சத்திரம், ராகுகாலம், சூலம் எல்லாவற்றையும் வானொலி அறிவிப்பாளர் குரலில் உரக்க வாசிப்பது என் உத்தியோகம். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அவருடைய கூட்டாளிகள் என்னை "குட்டிப் பஞ்சாங்கம்" என்று கூப்பிடுவார்கள். எனக்கு அதில் வந்த கர்வம் இருக்கிறதே, அப்பப்பா, வகுப்பில் முதலாம் பிள்ளையாக வந்தபோதுகூட அவ்வளவு வரவில்லை.

அக்காவின் பெயர் சரோஜா. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். எங்கள் வரிசை வீடுகளில் முதன்முதலாக ஆசிரியை ஆன பெண் அவள்தான். நியமனக் கடிதம் மட்டக்களப்புக்கு என்று வந்தபோது அம்மா மூன்று நாள் அழுதாள், அப்பா மூன்று நாள் எல்லோரிடமும் கடிதத்தைக் காட்டிக்கொண்டு திரிந்தார். கல்லடியில் கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் அறை எடுத்து இருந்தாள். லீவுக்கு வரும்போது தோல் கறுத்து, கூந்தல் உப்புக் காற்றில் முரடாகி, "கடல் இரைச்சல் இல்லாம இங்க தூக்கமே வரல" என்று பெரிய மனுஷி மாதிரி அலுத்துக்கொள்வாள். அவளுக்குப் பக்கத்தில் படுக்க எனக்கும் அம்மாவுக்கும் போட்டி நடக்கும்.

அந்தக் கார்த்திகையில் அவளுக்கு ஒரு சம்பந்தம் பேசி வந்தது. கெலிஓயாவில் கடை வைத்திருக்கிற குடும்பம். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. அப்பா அக்காவுக்கு எழுதினார். திங்கட்கிழமை பின்னேரம் அவளிடமிருந்து பதில் வந்தது. வியாழனும் வெள்ளியும் லீவு கேட்டிருக்கிறேன், புதன்கிழமை பாடசாலை விட்டதும் ரயில் ஏறி, பொல்கஹவெலையில் மாறி, வியாழன் காலையில் கண்டியில் இருப்பேன் என்று எழுதியிருந்தாள். கடைசி வரியில், மாப்பிள்ளை என்னைவிட உயரம்தானே என்று விசாரித்துச் சொல்லவும் என்று ஒரு கேள்வி. அப்பா அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துச் சிரித்தார். அன்றைக்கே கெலிஓயாவுக்குப் போகிற ஒருவரிடம், பிள்ளை வியாழக்கிழமை வந்துவிடுவாள் என்று சொல்லியும் அனுப்பினார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. அம்மா தண்ணீர் பிடிக்கப் பொதுக் குழாயடிக்குப் போயிருந்தாள். நான் வழக்கம்போல் தாளைக் கிழித்து வாசித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். யாரும் கேட்காமலே அடுத்த தாளைத் தூக்கிப் பார்த்தேன், அதற்கடுத்ததையும் பார்த்தேன்.

"அப்பா! புதன் அட்டமி! வியாழன் நவமி!" என்று கத்தினேன்.

கத்தினேன் என்றுதான் சொல்லவேண்டும். பெரியவர்கள் எல்லோரும் கவனிக்காமல் விட்டதைக் கண்டுபிடித்துவிட்ட குஷி. அப்பா எழுந்து வந்து தாளைத் தாமே ஒருமுறை பார்த்தார். தலையைச் சொறிந்தார். "பொண்ணு பாக்குற காரியம். அதுக்குன்னு கெளம்பி வர்ற பயணம் அட்டமில ஆரம்பிக்கக் கூடாதே" என்றார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வெள்ளிக்கெழம கெளம்புனா சனி விடிய வந்துருவா, போதும்" என்றார். வேலைக்குப் போகிற வழியில் தபால் கந்தோருக்குப் போய்த் தந்தி அடித்துவிட்டார்.

அன்று பின்னேரம் அம்மாவிடம் அவர் அதைச் சொன்னபோது அம்மா அகப்பையைக் கீழே வைத்துவிட்டாள். "வீட்டுக்கு வர்ற புள்ளைக்கு என்னங்க அட்டமியும் நவமியும்? வெளியூர் போறவங்களுக்குத்தான் அதெல்லாம். ரெண்டு நாள் முந்தி வந்தா நாலு பலகாரம் செஞ்சு போடலாம்னு இருந்தேன்."

"கலண்டரப் பாத்தேன் கமலம். பாத்த பொறவு சும்மா இருக்க மனசு வரல."

பார்த்தது நான். கண்டுபிடித்தது நான். என் பெயரை அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று எனக்குப் பொல்லாத கோபம். "அம்மா, நான்தான்..." என்று தொடங்கினேன், அம்மா அந்த எரிச்சலில், "நீ போயி ஒன் படிப்பப் பாரு" என்று விரட்டிவிட்டாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்தேன். அப்பா என் பெருமையைத் திருடிவிட்டதாக நினைத்தேன். இதை இப்போது எழுதும்போதும் கை கூசுகிறது.

புதன்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. வியாழக்கிழமை பின்னேரம் வானம் ஒரு மாதிரிப் பழுப்பாக இருந்தது, காற்றுக் கொஞ்சம் பலமாக அடித்தது, தகரம் சில இடங்களில் படபடத்தது. அம்மா கொடியிலிருந்த துணிகளை உள்ளே எடுத்தாள். எங்களுக்கு அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை காலை வெயிலே அடித்தது. கடைகள் திறந்தன, பஸ் ஓடியது, நான் பள்ளிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு ரேடியோ செய்தியில் மட்டக்களப்பு என்ற சொல் கேட்டது. பிறகு சூறாவளி என்ற சொல்.

மலைநாட்டுக்காரர்களுக்கு மண்சரிவு தெரியும், வெள்ளம் தெரியும். சூறாவளி என்றால் என்னவென்று எங்கள் வரிசையில் ஒருவருக்கும் தெரியாது. "பெரிய காத்து போலருக்கு, மரம் கிரம் விழுந்திருக்கும்" என்றார் ஒருவர். தொடர்பு எல்லாம் அறுந்துவிட்டது, பட்டணத்தின் நிலை தெரியவில்லை என்று ரேடியோ திரும்பத் திரும்பச் சொன்னது. பட்டணத்தின் நிலை தெரியவில்லை என்றால் என்ன அர்த்தம்? ஒரு பட்டணம் எப்படித் தெரியாமல் போகும்? அம்மா அந்த ரேடியோவின் முன்னால் நின்று, அதற்குள் ஆள் இருப்பதுபோல, "கல்லடி எப்புடி இருக்குன்னு சொல்லுங்களேன்" என்று கேட்டாள்.

அப்பா ஸ்டேஷனுக்கு ஓடினார். மட்டக்களப்புப் பக்கம் ரயில் இல்லை. தபால் கந்தோருக்கு ஓடினார். கம்பிகள் விழுந்து கிடக்கின்றன, தந்தி போகாது என்றார்கள். திரும்பி வந்து வாசலிலேயே நின்றார். அம்மாதான் முதலில் பேசினாள். சத்தம் போடவில்லை. "நேத்து விடிய இந்த வீட்டுக்குள்ள இருந்திருப்பா" என்றாள்.

எனக்குக் கொலை செய்தவளைப் பிடிக்கப் போகிறார்கள் என்பதுபோல இருந்தது. அப்பா இப்போது சொல்லப்போகிறார், "நானா பாத்தேன், இவதானே கத்துனா" என்று என்னைக் காட்டப்போகிறார் என்று கதவுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நின்றேன். அவர் சொல்லவில்லை.

மடவளையில் ஹனீபா நானா என்று ஒரு துணி வியாபாரி. அவர் வீட்டுக்கு அப்பா குழாய் வேலை செய்து கொடுத்த பழக்கம். அவருடைய மனைவியின் சொந்தக்காரர்கள் மட்டக்களப்புக்குப் பக்கத்துக் காத்தான்குடியில். சனிக்கிழமை காலையில் அவரே லொறியைக் கொண்டுவந்து எங்கள் சந்தில் நிறுத்திவிட்டார். அரிசி மூட்டையும் துணி மூட்டையும் ஏற்றியிருந்தார். "போற வரைக்கும் போவோம். ரோட்டு அடைச்சிருந்தா எறங்கி நடப்போம்" என்று அப்பாவிடம் சொன்னவர், அம்மாவைப் பார்த்து, "அழாதீங்க தங்கச்சி. எங்கட ஆக்களும் அங்கதான் ஈக்கிறாங்க. அல்லாட காவல்" என்றார். அப்பா ஒரு போர்வையையும் அக்காவின் கம்பளிச் சட்டையையும் மடித்து எடுத்துக்கொண்டு ஏறினார். குளிரும் என்று நினைத்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நான் யாரிடமும் விவரமாகச் சொன்னதில்லை. கெலிஓயாக்காரர்கள் வந்துவிட்டார்கள்! அவர்களுக்குச் சொல்லியனுப்ப வேண்டும் என்ற நினைவே எங்கள் யாருக்கும் வரவில்லை. மாப்பிள்ளை, அவருடைய அம்மா, ஒரு மாமா. தட்டில் வாழைப்பழம், வெற்றிலை, மல்லிகைச் சரம். மாப்பிள்ளை நல்ல உயரம். அந்த அம்மாள் உள்ளே வந்து கதிரையில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "ரேடியோவுல கேட்டதும் நெஞ்சு பதறிப்போச்சு. பொறவுதான் இவரு சொன்னாரு, மருமக வியாழக்கெழமையே வந்து சேந்துருப்பான்னு. மாரியாத்தா காப்பாத்துனா. எங்க, கூப்புடுங்க புள்ளைய."

அம்மா அந்த அம்மாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவள் வாயிலிருந்து வந்த சத்தம் மனிதச் சத்தமே இல்லை. அந்த மாமா எழுந்த வேகத்தில் கதிரை பின்னால் விழுந்தது. விஷயம் புரிந்ததும் அந்த அம்மாள் தரையில் உட்கார்ந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு தானும் அழுதாள். இன்றுவரை அவள்மேல் எனக்கு மரியாதை உண்டு. போகும்போது தட்டைத் திருப்பி எடுத்துப்போவதா, விட்டுப்போவதா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. கொண்டுவந்த தட்டைத் திருப்பி எடுத்துப்போனால் அபசகுனம். வைத்துவிட்டுப் போனார்கள். மல்லிகை வாடி, பழம் கறுத்து, ஈ மொய்த்து, புதன்கிழமைவரை அது அந்த மூலையிலேயே இருந்தது. தொட ஒருவருக்கும் துணிவில்லை.

நான் ஒரு காரியம் செய்தேன். புதன், வியாழன் தாள்கள் இரண்டையும் கலண்டருக்குப் பக்கத்திலிருந்த ஆணியில் குத்தி வைத்திருந்தோம், பழைய தாளில் சாமான் மடிப்பதற்கு. அவற்றைத் தேடி எடுத்து அடுப்பில் போட்டேன். எரிந்தது. ஒன்றும் மாறவில்லை.

புதன்கிழமை பின்னேரம் அப்பா வந்தார். தனியாக வந்தார். வேட்டி முழங்கால்வரை சேறு, கையில் அதே போர்வை, அதே கம்பளிச் சட்டை, மடிப்புக் கலையாமல். அம்மா வாசலுக்கு வந்து அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். சந்து வெறுமையாக இருந்தது.

"அடக்கம் பண்ணிட்டாங்க, கமலம். நான் போய்ச் சேர முந்தியே" என்றார்.

தென்னை விழுந்து சுவர் சரிந்திருக்கிறது. வீட்டுக்காரரும் அயலாட்களுமாக மறுநாளே கடலோரத்து மணலில் அடக்கம் செய்திருக்கிறார்கள். வைத்திருக்க முடியாது, அக்கா மட்டும் இல்லை, அந்தத் தெருவில் எத்தனையோ பேர். அப்பா பேசிக்கொண்டே போனார், கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்வதுபோல. ஒரு தென்னைக்குக்கூடத் தலை இல்லையாம். கண்ணுக்கு எட்டிய தூரம் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து முறிந்து கிடக்கிறதாம். தோணி ஒன்று நடுரோட்டில் கிடக்க, அதைச் சுற்றிக்கொண்டு ஆட்கள் நடந்து போகிறார்களாம். நாற்பது வருடம் குழாய் வேலை செய்தவர், இரும்புக் கம்பம் ஈர்க்கு மாதிரி வளைந்து கிடந்ததைச் சொல்லும்போது நம்பாமல் தன் கையையே பார்த்தார்.

அம்மா அவர் சட்டையைப் பிடித்தாள். நெஞ்சில் அடித்தாள். "கெளம்பி வர இருந்த புள்ளைய நிறுத்தி வச்சுக் கொன்னீங்களே! நாள் பாத்துக் கொன்னீங்களே!"

அப்பா அசையாமல் நின்று அடி வாங்கினார். அப்போது ஒரே ஒரு தடவை, அம்மாவின் தலைக்கு மேலால், கதவருகே நின்ற என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "ஆமா கமலம். நான்தான் நாள் பாத்தேன்" என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கலண்டர் மாட்டவில்லை. அப்பா ராகுகாலத்தில் குழி வெட்டத் தொடங்கினார். ஓவர்சியர் மாத்தயா திகைத்துப்போய்த் தடுத்தபோதும் நிறுத்தாமல் வெட்டினார் என்று கூட்டாளிகள் சொல்லிக் கேட்டேன். அம்மா அவருக்குச் சோறு போட்டாள், துணி துவைத்தாள், ஒவ்வொரு கார்த்திகையிலும் "நாள் பாத்துக் கொன்னீங்களே" என்ற அந்த ஒரு வார்த்தையைச் சொன்னாள். அவர் ஒவ்வொரு கார்த்திகையிலும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். நான் பெரியவளானேன், அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராகச் சேர்ந்தேன், கல்யாணம் செய்தேன், ஒரு மகளைப் பெற்றேன். வாயாடிக்கு எல்லாம் பேச வந்தது, அது மட்டும் வரவில்லை. இன்றைக்குச் சொல்லிவிடுவோம் என்று போவேன், அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் மரக்கறி விலையைப் பேசிவிட்டு வருவேன். கோழை, வேறென்ன.

அம்மாவின் கருமாதி முடிந்த அன்று மத்தியானம், வந்தவர்கள் எல்லோரும் போனபிறகு, அப்பாவுக்குத் தேத்தண்ணீர் கொண்டுபோனேன். கோப்பையை அவர் கையில் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து, "அப்பா, அன்னிக்கு அட்டமின்னு சொன்னது நான்" என்றேன். அவர் மறந்திருப்பார், நான் நினைவுபடுத்தவேண்டும் என்று என்னவெல்லாமோ தயார் செய்துகொண்டு வந்திருந்தேன்.

"தெரியும்டி" என்றார். ஒரு வாய் குடித்தார். "அம்மாகிட்ட எப்பவாச்சும் சொன்னியா?"

"இல்லப்பா."

"நல்லது. சொல்லியிருந்தா அவளுக்கு ரெண்டு புள்ளயும் போயிருக்கும்."

அவ்வளவு வருடமும் அவர் எதற்காக அடி வாங்கினார் என்று அப்போதுதான் தெரிந்தது. நான் உடைந்து அழுதேன். அவர் என்னைத் தேற்றவில்லை, அழவிட்டார். பிறகு, அதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். தந்தி புதன்கிழமை மத்தியானம்தான் அக்கா கையில் கிடைத்திருக்கிறது. பெட்டியைக் கட்டி வாசலில் வைத்திருந்தாளாம். வாசித்துவிட்டுச் சிரித்து, "எங்க அப்பா ஒருத்தரு" என்று வீட்டுக்காரியிடம் சொல்லி, பெட்டியைத் திரும்ப உள்ளே வைத்தாளாம். நாட்டில் சண்டை வந்து பாதை அடைபடும்வரை அப்பா வருடம் ஒருமுறை தனியாகப் போய் அந்த மணலைப் பார்த்து வந்திருக்கிறார். அடையாளத்துக்கு ஓர் இரும்புக் குழாய் நட்டு, அடியில் கொங்கிரீட் போட்டு வைத்திருப்பதாகச் சொன்னார். பாதை திறந்ததும் சேர்ந்து போவோம் என்று பேசிக்கொண்டோம். பாதை திறந்தபோது அவர் படுக்கையில் இருந்தார். பிறகு அவரும் போய்விட்டார்.

நான் கல்லடிக்குப் போனது ஆழிப்பேரலைக்கு அடுத்த வருடம். அதற்கு முன்பே போயிருக்கலாம். அப்பா சொன்ன அடையாளங்களைத் தாளில் எழுதிக்கொண்டு மணலில் அலைந்தேன். அங்கே ஒரு வயதான பெண் விறகு பொறுக்கிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் இரும்புக் குழாய் நட்ட ஒரு குழிமேடு இருந்ததா என்று கேட்டேன். அவள் நிமிர்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"எந்தக் குழாய் மகள்? இதில ஒரு ஊரே இருந்திச்சு. எல்லாம் கடல் கொண்டு போயித்து" என்றாள்.

திரும்பிப் பார்த்தால் வீட்டு அத்திவாரங்கள் மணலில் கோடுகளாகத் தெரிந்தன. அவளிடம் எதைச் சொல்ல? குழாய் தேடி வந்ததே வெட்கமாக இருந்தது. அவளுக்கு விறகு பொறுக்க உதவிவிட்டு, பஸ் ஏறி வந்துவிட்டேன்.

எங்கள் வரிசை வீடுகள் இப்போது மாடி வீடுகள். பொதுக் குழாயடி இல்லை, தந்தி என்றால் என் மகள் கூகிளில் தேடுவாள். அந்தக் காற்றைப் பற்றி இங்கே பேச என் வயதுக்காரர்களே நாலைந்து பேர்தான். கண்டிக்குப் புயல் வராது என்று சொல்லிக்கொண்டிருந்த வாய்களும் சென்ற கார்த்திகையில் அடைத்துப்போயின. மழை விடாமல் கொட்டி, மலை வழுக்கி வந்து வீடுகளை மூடியது, நாம் எல்லோரும் பார்த்தோம்.

அது தொடங்கிய அன்று காலை மகள் கொழும்பிலிருந்து பேசினாள். "அம்மா, நீங்க ரெண்டு பேரும் தனியா இருக்கீங்களே, பயமா இருக்கு. இன்னிக்கே கெளம்பி வரவா, இல்ல மழை விட்டதும் நாளைக்கு வரவா?" என்றாள்.

சின்னக் கேள்வி. இன்றைக்கு என்றால் மலை சரிகிற கடுகண்ணாவைப் பாதை. நாளைக்கு என்றால் நாளை என்ன ஆகுமோ. அங்கேயே இரு என்றால், அங்கேயும் ஆறு பெருகுகிறதாம். "அம்மா? கேக்குதா? எப்ப வரட்டும்?" என்று மூன்று தடவை கேட்டாள். போனை என் கணவரின் கையில் கொடுத்துவிட்டு, அவர் என்ன சொல்கிறார் என்று காதில் விழாத தூரத்துக்குப் போய் நின்றேன்.